கட்டடத்துக்கு இருட்டைத் தருவது கோடா, மையா?

கரிக்கோடு:
19ஆம் நூற்றாண்டு அமெரிக்க ஓவியர் விஸ்லரின் வெனிஸ் எட்சிங்குகளை (உலோகத் தகட்டில் வரைந்த கோட்டை அமிலத்தால் அரித்து, மை பூசித் துடைத்து, தாளில் அடிக்கும் அச்சுப்படங்களை) எல்லாரும் 'என்ன ஒரு சூழல்!' என்று கொண்டாடுகிறார்கள். அதில் பாதி, மை துடைத்த துணியின் வேலை. எட்சிங் என்றால் அமிலம் அரித்த கோடு. 18ஆம் நூற்றாண்டு இத்தாலியர் பிரானேசி கற்பனைச் சிறைக்கூடங்களை வரைந்த 'சிறைகள்' தொடரை எடுங்கள். 1750 வாக்கில் 14 தகடுகள், கிறுக்கல் மாதிரி மெல்லிய கோடுகள். 1761இல் அதே தகடுகளை மறுபடி அமிலத்தில் இறக்கி, இன்னும் இரண்டைச் சேர்த்தார். அந்த இருட்டு முழுக்கக் கோட்டில் வந்தது.

ஈரத்தாள்:
இருட்டு வந்தது சரி, காற்று போய்விட்டதே! முதல் பதிப்பில் வளைவுகளுக்கு அப்பால் வெளிச்சம் இருந்தது. பிறகு பாலம், படி, சங்கிலி என்று அடைத்துவிட்டார். விஸ்லரின் 'நாக்டர்ன்' பாருங்கள்: ஒரு கப்பல், தூரத்தில் கரை, கோடுகளை எண்ணிவிடலாம். மற்றதெல்லாம் துடைக்காமல் விட்ட மைப்படலம். ஒரு பிரதியில் அந்தி, இன்னொன்றில் நடுராத்திரி. தகடு ஒன்றுதான்.

கரிக்கோடு:
அப்படியென்றால் தகட்டில் என்னதான் இருக்கிறது? தகட்டில் நேராக வரைந்ததால் விஸ்லருடைய வெனிஸே இடம் வலம் மாறித்தான் அச்சாகியிருக்கிறது. கட்டடம் அவருக்குச் சாக்கு. பிரானேசி கட்டடக்கலை படித்தவர், கல்மேல் கல் எப்படி உட்காரும் என்று தெரிந்த கை. தூரத்துச் சுவரைக் கொஞ்சம் அரிக்க விட்டு, வார்னிஷ் பூசி மூடிவிட்டு, முன்னால் இருக்கும் தூணை மட்டும் திரும்பத் திரும்ப அமிலத்தில் போடும் முறை இது. ஆழமான கோடு நிறைய மை பிடிக்கும். நல்ல பிரதியில் அந்த மை தாளுக்கு மேல் மேடாகவே நிற்கும்.

கூரைப்புகை:
நடுவில் வருகிறேன். மெரியோனை விட்டுவிட்டீர்களே? 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு எட்சிங் கலைஞர், நிறக்குருடு உள்ளவர். 1854இல் அவர் போட்ட பாரிஸ் பிணவறைப் படத்தில் புகைபோக்கிப் புகைகூட அரித்த கோடுதான். ஆனால் சில பிரதிகளைப் பச்சை சாயல் தாளில் அடித்தார். தாளுக்கும் பங்கு உண்டு.

ஈரத்தாள்:
அதைத்தான் சொல்கிறேன், அச்சும் கலைஞனின் முடிவுதான். கரிக்கோடு, பிரானேசி இறந்த பிறகு அவர் பிள்ளைகள் தகடுகளைப் பாரிஸுக்குக் கொண்டுபோய் அடித்தார்கள், பிறகு அவை ரோமுக்குத் திரும்பி, அங்கேயும் அச்சாயின. அந்தப் பிந்தைய பிரதிகள் சாம்பல் பூத்துக் கிடக்கின்றன. கோடு அதேதானே?

கரிக்கோடு:
அதே கோடா? தேய்ந்த கோடு. அச்சு இயந்திரத்தில் ஆயிரம் முறை நசுங்கினால் பள்ளம் மேவிப்போகாதா? கோடு போனதும் உங்கள் சூழலும் போய்விட்டது பாருங்கள். எவ்வளவு மையை விட்டுத் துடைத்து அதைத் திரும்பக் கொண்டுவருவீர்கள்?