மறு: காலத்தொடரில் பதிவு இல்லாத இடத்துக்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம். காலத்தொடர், அதாவது ஒரே அளவை நேர வரிசையில் எழுதிவைக்கும் தரவு, அதில் பதிவாகாமல் போன இடத்தை என்ன சொல்லி அழைக்கலாம் என்ற கேள்விக்கு என் பதில் இது.

> 'இடைவெளி' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் அந்தச் சொல்லுக்கு ஏற்கனவே வேறு வேலை இருக்கிறது. எவ்வளவு நேரத்துக்கு ஒரு முறை அளந்தோம் என்பதைப் பத்து நிமிட இடைவெளி, ஒரு நாள் இடைவெளி என்றுதானே எழுதுகிறோம். 'பத்து நிமிட இடைவெளித் தரவில் மூன்று மணி நேர இடைவெளி' என்று எழுதிப் பாருங்கள், படிப்பவர் திண்டாடிப்போவார்.

என் பரிந்துரை 'விடுபாடு'. வேறுபடு, வேறுபாடு மாதிரி விடுபடு, விடுபாடு. விடுபாட்டு விகிதம், விடுபாட்டை நிரப்புதல், விடுபாடற்ற தொடர் என்று சுலபமாக நீளும்.

> அந்த இடத்தில் சுழியம் போட்டுவிட்டால் போதாதா?

போதாது, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எங்கள் பாம்பன் பக்கம் ஒரு மீன் வியாபாரியின் நோட்டைப் பார்த்தால் விளங்கும். தேதி, படகு, காரல் எத்தனை கிலோ, நண்டு எத்தனை, கணவாய் எத்தனை. சில நாள் 0 என்றே எழுதியிருப்பார், வலையை இழுத்தும் பாடு (மீன் வரத்து) இல்லை. சில நாள் ஒரு கோடு, அன்று படகே போகவில்லை. சில நாள் கட்டம் வெறுமையாகக் கிடக்கும், மீன் வந்திருக்கும், எழுத ஆள் இல்லை. எக்செலில் ஏற்றும்போது மூன்றுக்கும் 0 போட்டால் கணக்கே கவிழ்ந்துவிடும். 120 கிலோ, 80, எழுதாத நாள், 100 என்று நான்கு நாள் இருந்தால் எழுதிய நாள்களின் சராசரி 100; எழுதாத நாளுக்குச் சுழியம் போட்டால் 75.

அப்புறம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, 2017க்கு முன் அது 45 நாள்தான். தடை நாளையெல்லாம் சுழியமாக ஏற்றினால் அந்த ஆண்டிலிருந்து ஆண்டுக்கு 16 சுழியம் கூடிவிடும், தினசரி சராசரி இறங்கும், ஆண்டுகளின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் போக்குக்கோடு கடலில் மீன் குறைந்த மாதிரி காட்டும். அதே நாள்களில் நாட்டுப்படகு போய்க்கொண்டிருக்கும், அந்த நிரலில் எண் இருக்கும். ஆகவே கோடு போட்ட நாளை விடுபாடு என்றும் சொல்லக் கூடாது, அங்கே எதுவும் விடுபடவில்லை, அளப்பதற்கே ஒன்றும் இல்லை. அதற்கு 'விலக்கு' என்று தனிச்சொல் வைக்கலாம்.

நிரப்பும்போதும் இந்தப் பிரிவு வேண்டும். கடல்நீர் வெப்பநிலை மெதுவாக மாறுவது, ஒரு மணி நேர விடுபாட்டை இரு பக்கத்து அளவையும் நேர்கோட்டில் இணைத்து நிரப்பினால் பெரிய பிழை வராது. கடல் மட்டத்துக்கு அது சரிப்படாது. கடல் நீரின் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம், நடுவில் ஆறு மணி நேரம் கருவி நின்றுபோனால் நேர்கோடு ஓர் ஏற்றத்தையே விழுங்கிவிடலாம். விலக்கையோ எதைக் கொண்டும் நிரப்பக் கூடாது.

> விடுபாடு என்றால் விடுதலை மாதிரி ஒலிக்கிறது.

வாக்காளர் பட்டியலில் பெயர் விடுபட்டுப்போச்சு என்றால் யாரும் விடுதலை என்று நினைப்பதில்லையே. எனக்கு விடுபாட்டில் தயக்கம் இல்லை. 'விலக்கு'தான் யோசிக்க வைக்கிறது, புள்ளியியலில் திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவு) என்று ஏற்கனவே இருப்பதால் மாணவர்கள் குழம்பலாம். 'பொருந்தா இடம்' என்பது அடுத்து தோன்றுகிறது, கொஞ்சம் நீளம். இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள், இரண்டுக்கும் ஒரே சொல் என்று மட்டும் முடித்துவிட வேண்டாம்.