ஆசையா வச்சிருந்த பேர் இப்ப எல்லா வீட்லயும் இருக்கு, மாத்திடலாமா?

மழைத்துளி:
எனக்கு இது எட்டாவது மாசம். கல்யாணத்துக்கு முன்னாடியே மனசுல ஒரு பேர் வச்சிருந்தேன், பொண்ணு பொறந்தா அதுதான்னு, அப்ப அந்தப் பேர்ல எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர்கூட இல்ல. போன வாரம் செக்கப்புக்கு உக்காந்திருக்கப்ப நர்ஸ் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க, ரெண்டு அம்மா குழந்தையைத் தூக்கிட்டு எழுந்து நிக்கிறாங்க! அதுலருந்து மனசே சரியில்ல. நான் படிச்ச கிளாஸ்ல என் பேர்ல நாலு பேர், பத்து வருஷம் என்னை 'குட்டை'ன்னு சேத்துதான் கூப்பிட்டாங்க, அது என் பிள்ளைக்கு வரக்கூடாது. பேரை இங்க சொல்லல, யாராவது குறை சொல்லிட்டா தாங்க மாட்டேன். மாத்தணுமா, இல்ல அதையே வச்சிடலாமா?

நீலக்குடை:
முதல்ல டென்ஷன் ஆகாதீங்க சிஸ்டர். ஒரு பேர் ரொம்ப பாப்புலர்னு சொன்னா அந்தக் காலத்துல இருந்த அர்த்தம் இப்ப இல்ல. அமெரிக்காவுல 1880லருந்து வருஷா வருஷம் பேர் கணக்கு இருக்கு, யார் வேணும்னாலும் பாக்கலாம். 1880ல 100 ஆண் குழந்தை பொறந்தா அதுல 8 பேர் ஜான். 2024ல முதல் இடத்துல இருந்த லியாம் 100க்கு ஒண்ணுதான் தேறும். 1947ல லிண்டான்னு மட்டும் கிட்டத்தட்ட 1 லட்சம் பொண்ணுங்களுக்கு வச்சிருக்காங்க, அந்தப் பேர்லயே ஒரு பாட்டு ஹிட் ஆன சமயம் அது. இன்னிக்கு அந்த மாதிரி ஒரே பேர்ல குவியறது இல்ல, எல்லாரும் உங்கள மாதிரியே தனியா ஒண்ணு தேடுறதால பிரிஞ்சு போயிடுது.

ஆனா இன்னொண்ணு கவனிங்க. இப்ப பேர் ஒண்ணா இருக்கறதில்ல, சத்தம் ஒண்ணா இருக்கு. ஏய்டன், ஜேய்டன், பிரேய்டன்னு அங்க ஒரு கூட்டமே வந்துச்சு, ஒவ்வொருத்தரும் புதுசா வச்சோம்னு நினைச்சாங்க, கிளாஸ்ல கூப்பிட்டா அத்தனை பேரும் திரும்புவாங்க. அந்தக் கணக்குல ஒரு எழுத்து மாறினாகூட தனிப் பேர்னு எண்ணுவாங்க, அதனால லிஸ்ட்ல கீழ இருக்கறதை வச்சு அபூர்வமான பேர்னு நம்பிடாதீங்க. உங்க பேரோட கடைசி சத்தம் இப்ப ஓடுற சத்தமான்னு மட்டும் பாருங்க.

மூணாவது மாடி:
நான் பயப்படுறது வேற விஷயத்துக்கு. பேர் மேல ஏறுறப்ப ஆபத்தில்ல, இறங்குறப்பதான். கெவின்னு ஒரு பேர், 1990கள்ல பிரான்ஸ்ல முதல் இடம், ஜெர்மனிலயும் அந்த சமயத்துல ஒரே அலை, ஒரு ஹாலிவுட் படத்துல வந்த குட்டிப் பையன் பேரும் அதுதான், ஏற்கெனவே ஏறிட்டு இருந்தது இன்னும் பறந்துடுச்சு. அப்புறம் அந்தப் பேரையே மட்டமா பாக்க ஆரம்பிச்சாங்க. 2009ல ஜெர்மனில ஆசிரியர்கள்கிட்ட ஒரு சர்வே எடுத்தப்ப கெவின்னாலே சேட்டை பண்ற பையன், படிக்க மாட்டான்னு நினைக்கிறது தெரிஞ்சுது. அந்தப் பிள்ளைங்க என்னங்க பாவம் பண்ணுச்சு? அலெக்ஸாவும் அப்படித்தான், 2014 கடைசில அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா பதில் சொல்ற அமேசான் மெஷின் வந்துச்சு, சில வருஷத்துல அந்தப் பேர் வைக்கிறதே மளமளன்னு குறைஞ்சு போச்சு. அதனால சீரியலோ படமோ பாத்து எடுத்த பேர்னா யோசிங்க, நீங்க பல வருஷமா மனசுல வச்சிருந்ததுன்னா அதை விட்டுடாதீங்க.

கோலப்பொடி:
அபூர்வமான பேர் வேணும்னு நான் போய் என் பையனுக்கு ஒண்ணு வச்சேன். அவனுக்கு இப்ப ஒன்பது வயசு. புதுசா யாரைப் பாத்தாலும் ரெண்டு தடவை சொல்லி, எழுத்துக் கூட்டி சொல்லி, அப்புறமும் அவங்க தப்பாதான் எழுதுவாங்க. போன மாசம் ஒரு சர்டிபிகேட்ல பேர் தப்பா வந்துச்சு, "பரவால்லம்மா விடு"ன்னான். எனக்கு அழுகையே வந்துடுச்சு. நாலு பேருக்கு இருந்தா இருக்கட்டும்மா, கேட்டவுடனே சரியா எழுதுற பேரா வை. வாசல்ல நின்னு சாப்பிட வான்னு கூப்பிடுற மாதிரி சத்தமா கூப்பிட்டுப் பாரு, கோவத்துல ஒரு தடவை, கொஞ்சலா ஒரு தடவை. எதுல வாய் தடுக்குதுன்னு தெரிஞ்சிடும்.

மழைத்துளி:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. கோலப்பொடி அக்கா, உங்க பையன் சொன்னதைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்துட்டேன். நேத்து ராத்திரி அவர் மாடிலருந்து கூப்பிட்டார், நான் கீழ நின்னு கேட்டேன். லிஸ்ட்ல புதுசா சேத்த ரெண்டு பேரும் பாதிலயே காத்துல போயிடுச்சு. பழைய பேர் மட்டும் கடைசி எழுத்து வரைக்கும் கேட்டுச்சு, அப்ப பாத்து உள்ள ஒரு உதை வேற. அதையேதான் வைக்கப் போறோம்.