திடீரென இறந்த ஃபெரட்: உடலை என்ன செய்வது? உடன் வளர்ந்ததை எப்படிக் காப்பது?

தேம்ஸ்கரை:
லண்டனில் இருக்கிறோம். எங்கள் 4 வயது ஆண் ஃபெரட் (மரநாய் இனத்தைச் சேர்ந்த, மாமிசம் தின்னும் சிறு செல்லப்பிராணி) இன்று காலை விறைத்துக் கிடந்தது. நேற்றிரவு நன்றாகச் சாப்பிட்டது. வாந்தி, பேதி ஒன்றும் இல்லை. காரணம் தெரிய வேண்டும். உடலை ஃப்ரீசரில் வைக்கலாமா? உடன் வளர்ந்த பெண் ஃபெரட் காலையிலிருந்து தீனியைத் தொடவில்லை. நேற்று அதிக நேரம் விளையாட விட்டதால்தான் செத்தது என்று மகன், 9 வயது, அழுகிறான்.

கூண்டுக்காரன்:
ஃப்ரீசர் கூடவே கூடாது. உறையும்போது பனித்துகள்கள் செல்களைக் கிழித்துவிடும். பிறகு நுண்ணோக்கியில் திசு சரியாகத் தெரியாது. ரோமத்தைக் குளிர்ந்த சோப்புநீரால் நனையுங்கள், உடற்சூடு சீக்கிரம் இறங்கும். இரண்டு பிளாஸ்டிக் பைகளில் கட்டி ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் பிரேதப் பரிசோதனைக்கு கால்நடை மருத்துவரிடம் சேர்த்துவிடுங்கள். வெறும் கண்ணால் பார்த்தால் குடலடைப்பு, உள்ளே ரத்தக்கசிவு போன்றவைதான் பிடிபடும். இதயத்தசை நோய், லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) என்றால் திசுவை ஆய்வகத்துக்கு அனுப்பியாக வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சாம்பல் வேண்டுமானால் தனித்தகனம் என்று அப்போதே சொல்லிவிடுங்கள். பொதுத்தகனத்தில் திரும்பக் கிடைக்காது.

மூன்றுவால்:
செத்ததைவிட இருப்பதுதான் இப்போது அவசரம். ஃபெரட் தின்றது 3, 4 மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடும், பட்டினி தாங்காது. மாமிச உணவை வெந்நீரில் கூழாகக் கரைத்து, வெதுவெதுப்பாக 4 மணிக்கொரு முறை விரலில் தொட்டு நக்கக் கொடுங்கள். நாளைக் காலைக்குள் தானாகத் தின்னாவிட்டால் மருத்துவரிடம் போய்விடுங்கள். துக்கம் என்று நாம் நினைப்பது நோயாகவும் இருக்கலாம்.

எச்சில் வடிவது, வாயை முன்காலால் பிறாண்டுவது, பின்கால் துவள்வது, வெறித்துப் பார்ப்பது எல்லாம் சர்க்கரை இறங்கியதன் அடையாளம். 3 வயதுக்கு மேல் இன்சுலினோமா என்ற கணையக் கட்டி ஃபெரட்டுகளுக்குச் சகஜம். ஈறில் துளி தேன் தடவுங்கள். மயக்கத்தில் இருந்தால் வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள். தெளிந்ததும் கூழ் கொடுத்து உடனே கிளம்புங்கள். தேனையே மறுபடி மறுபடி கொடுத்தால் கட்டி இன்னும் இன்சுலினைச் சுரந்து மீண்டும் சாய்த்துவிடும்.

சாம்பல்பூ:
மகனிடம் நேரடியாகச் சொல்லுங்கள்: விளையாட்டால் சாகவில்லை. ஃபெரட் நோயைக் கடைசிவரை காட்டிக்கொள்ளாது. "தூங்குகிறது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பிள்ளை தூங்கவே பயப்படுவான். உடலைக் கொடுக்குமுன் பெண் ஃபெரட் மோந்து பார்க்கட்டும் என்பார்கள் பலர். தொற்றுச் சந்தேகம் இல்லாவிட்டால் தவறில்லை; இரண்டும் ஒரே கூண்டில்தானே இருந்தன.

பேச ஆள் வேண்டுமானால் பிரிட்டனின் புளூ கிராஸ் அமைப்பு செல்லப்பிராணியை இழந்தவர்களுக்குத் தொலைபேசியில் ஆறுதல் தருகிறது (நம் சென்னை புளூ கிராஸ் வேறு). தோட்டத்தில் புதைப்பதானால் களிமண்ணில் 2 அடி, மணற்பாங்கில் 3 அடி ஆழம் வேண்டும், இல்லாவிட்டால் நரி தோண்டும்.

துணைக்குப் புதிதாக வாங்கும் எண்ணமிருந்தால் முதலில் பரிசோதனை அறிக்கை வரட்டும். பிறகும் புதியதற்கு 2 வாரம் தனியறை, அலூஷியன் நோய்க்கு (ஃபெரட்டுகளிடையே தொற்றும் வைரஸ் நோய்) ரத்தப் பரிசோதனை.