பைபாஸும் ஓப்பன் ஹார்ட்டும் ஒன்றா?

செந்தூல்காரி:
அப்பாவுக்கு இதய ரத்தக்குழாயில் மூன்று இடத்தில் அடைப்பு, ஸ்டென்ட் (குழாயை விரித்துவைக்கும் சின்ன வலைக்குழல்) சரிவராது, ஓப்பன் ஹார்ட்தான் என்று ஐஜேஎன்-இல் (தேசிய இதய மருத்துவமனையில்) டாக்டர் சொல்லிவிட்டார். தாதியோ பைபாஸ் என்கிறார். ஒன்றா, இரண்டு ஆபரேஷனா? இதயத்தையே வெட்டுவார்களா என்று அம்மா கேட்டபடியே இருக்கிறார், எனக்குப் பதில் தெரியவில்லை.

பிறை மணி:
ஒரே ஆபரேஷன்தான் தங்கச்சி. நான் ஆபரேஷன் தியேட்டரில் வேலை பார்த்தவன். நடுநெஞ்சு எலும்பை ரம்பத்தால் நேராக அறுத்து, விரித்துவைத்துச் செய்வதை எல்லாம் பொதுவாக ஓப்பன் ஹார்ட் என்றுதான் சொல்வோம். பைபாஸில் இதயத்துக்கு உள்ளே போக மாட்டார்கள். காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாயையோ நெஞ்சின் உட்பக்கம் ஓடும் குழாயையோ அடைப்பைத் தாண்டி இதயத்தின் மேற்பரப்பில் தைப்பார்கள். வால்வு மாற்ற, ஓட்டை அடைக்க என்றால்தான் இதயத்தையே திறப்பது. 1953-இல் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் என்ற சர்ஜன் ஹார்ட்-லங் மெஷினை (இதயம், நுரையீரல் வேலையைத் தற்காலிகமாகச் செய்யும் கருவி) வைத்து ஒரு பெண்ணின் இதய ஓட்டையை மூடிக் காட்டினார், அப்புறம்தான் இந்த வேலைகளை அவசரமில்லாமல் செய்ய வழி பிறந்தது. பைபாஸுக்கும் பெரும்பாலும் அந்த மெஷின் உண்டு, சிலர் இதயம் துடிக்கத் துடிக்கவே தைத்துவிடுவார்கள். அப்பாவுக்கு எப்படி என்று சர்ஜனிடமே கேளுங்கள், சொல்வார்.

செந்தூல்காரி:
மெஷின் என்றால் இதயத்தை நிறுத்துவார்களா?? அம்மாவிடம் இதைச் சொல்லவா?

பிறை மணி:
சொல்லுங்கள். பொட்டாசியம் கலந்த மருந்தை விட்டு நிறுத்துவார்கள், நின்றிருக்கும் நேரம் முழுக்க உடம்புக்கு ரத்தம் ஓட்டுவது மெஷின். தைத்து முடித்து இதயத்துக்கு ரத்தம் திரும்பியதும் பெரும்பாலும் தானே துடிக்கும், அடம்பிடித்தால் சின்ன ஷாக்.

ஜெலுத்தோங் அக்கா:
அதைவிட முக்கியம், ஐசியூவில் முதல் தடவை பார்க்கப் போவதற்கு முன் அம்மாவைத் தயார் பண்ணுங்கம்மா. வாயில் டியூப், பேச முடியாது, நெஞ்சிலிருந்து ரத்தம் வடிய இன்னொரு டியூப், பார்த்தால் ஆடிப்போவார். எலும்பைக் கம்பி போட்டுக் கட்டியிருப்பார்கள், அது ஒன்றுசேரவே ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும், நன்றாக உறுதியாக மூன்று மாதம்கூடப் பிடிக்கும். அதுவரை அரிசிப் பை தூக்குவது, கையை ஊன்றி எழுவது எதுவும் கூடாது, இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக்கிக்கொள்ள வேண்டும். என் வீட்டுக்காரருக்கு நெஞ்சைவிட, குழாய் எடுத்த கால்தான் அதிகம் வலித்தது, அதை யாரும் முன்னாடியே சொல்லவில்லை. அப்பாவுக்கு இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருக்கா? இருந்தால் புண் ஆற நாளாகும், இப்பவே கட்டுப்படுத்தச் சொல்லுங்கள்.

செந்தூல்காரி:
இருக்குக்கா. நாளைக்கே டாக்டரிடம் கேட்கிறேன்.