அறுவடை நேரத்து வயல் சாலைகளில் பைக் பயணம்: இன்னும் மனசை விட்டுப் போகாத நொடி எது?

மூன்றாவது கியர்

இலையுதிர் காலத் தொடக்கம், பாதி அறுத்த வயல்கள், எங்கேயும் போய்ச் சேர வேண்டிய அவசரமில்லாத பயணம். இதில் ஒருமுறை போனவர்களுக்கு அந்தச் சாலைகளை விவரிக்க வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

பொழுது சாய்ந்து ஹெட்லைட் வெளிச்சம் சாலையில் தெரிய ஆரம்பிக்கும் நேரம். மேட்டிலிருந்து ஓடைப் பாலத்துக்கு இறங்கும் சரிவு. மேலே இருந்தவரை காற்றில் பகல் சூடு மிச்சமிருந்தது. இறங்க இறங்க முதலில் கணுக்கால், அப்புறம் முழங்கால், அப்புறம் நெஞ்சு என்று குளிர் ஏறியது. காற்று அசையாத தெளிந்த மாலைகளில் குளிர்ந்த காற்று கனத்துப் பள்ளத்தில் வந்து தேங்கும். காருக்குள் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

அந்தக் குளிருக்குள் நுழைந்ததும் பக்கவாட்டில் ஏதோ வெள்ளையாகக் கூடவே வருவது கண்ணில் பட்டது. கூகை! சாலையோரப் புல்லுக்கு மேலே, என் தோள் உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. நான் முப்பதுக்குக் கீழேதான் போய்க்கொண்டிருந்தேன், அதுவும் அதே வேகம். ஒரு கட்டத்தில் அந்த வட்ட முகத்தைத் திருப்பி என்னை நேராகப் பார்த்தது. பிறகு வரப்பைத் தாண்டி, அறுத்த தாளுக்கு மேலாகப் போய்விட்டது.

அது ஏன் என்னோடு வந்தது? இன்றுவரை மனசுக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. வேறு யாருக்காவது இப்படி?

காலி டேங்க்

எனக்குப் பறவை இல்ல, மனுஷன்.

முன்னாடி ஒரு அறுவடை இயந்திரம், ரோட்டை அடைச்சுக்கிட்டு ஊர்ந்து போகுது. பதரும் தூசும் வைசர் மேல படபடன்னு அடிக்குது. ரொம்ப தூரம் பின்னாடியே வந்தேன். அது வேகத்தைக் குறைச்சு ஓரமா ஒதுங்குச்சு. வழி விடுறாங்கன்னுதான் யாருக்கும் தோணும். கியரைக் குறைச்சேன்.

அப்போ கேபின் கதவு திறந்துச்சு. ஓட்டுறவர் பாதி உடம்பை வெளியே நீட்டி, உள்ளங்கையை விரிச்சு என்னைப் பார்த்துக் காட்டினார். அஞ்சு விரலும் தனித்தனியா, விரலிடுக்குல கறுப்பா எண்ணெய். அந்தக் கைதான் இன்னும் கண்ணுலயே நிக்குது. நின்னுட்டேன். அடுத்த நொடி வண்டி வயலுக்குள்ள திரும்புச்சு, அதோட பின்பக்கம் நான் போயிருக்க வேண்டிய இடத்தை அப்படியே வீசிக்கிட்டுப் போச்சு.

அறுவடை இயந்திரத்துல திரும்புறது பின் சக்கரம். மூக்கு ஒரு பக்கம் போனா வால் மறுபக்கம் வரும். அவருக்கு அது தெரியும், நான் அவர் பின்னாடி இருக்கேன்னும் தெரியும். ஒரு நன்றி சொல்லலாம்னு பார்த்தா, தூசுக்குள்ள வண்டியே தெரியல. திரும்பிக்கூடப் பார்க்காம வேலையைப் பார்க்கப் போயிட்டார்.

செயின் எண்ணெய்

காலி டேங்க், தப்பா எடுத்துக்காதீங்க. கை காட்ட ஒருத்தர் இருந்தார், சரி. எல்லாரும் காட்ட மாட்டாங்க. அந்த வண்டிக்குப் பின்னாடி நெருங்கிப் போனா ஓட்டுறவர் கண்ணாடியில நாம விழவே மாட்டோம். அவர் முகத்தை அவரோட கண்ணாடியில நீங்க பார்க்க முடியலன்னா அவரும் உங்களைப் பார்க்கலன்னுதான் அர்த்தம்.

என் கதை சின்னது. வளைவுல டிரெய்லர்ல இருந்து சிந்தின மக்காச்சோளம், மஞ்சளா ஒரு பட்டை. பாதி சாய்ஞ்ச நிலையில முன் சக்கரம் ஒரு சாண் வழுக்கி, மறுபடி பிடிச்சுது. அந்த ஒரு சாண் நேரத்துல மணிகள் நசுங்குற சத்தம் ஹெல்மெட்டுக்குள்ள வரைக்கும் கேட்டுது. அவ்வளவுதான்.

இந்தப் பருவத்துல கிளம்புறவங்களுக்குச் சிலது சொல்லியே ஆகணும். வயல் வாசல் பக்கத்துல ரோடு நிறம் மாறியிருந்தா அது டிராக்டர் டயர்ல ஒட்டி வந்த மண். காய்ஞ்சிருந்தா பரவாயில்ல, ஒரு தூறல் விழுந்தா சோப்பு. அங்கே சாய்க்காதீங்க, பிரேக்கும் போடாதீங்க, நேரா நிமிர்ந்து உருட்டிட்டுப் போங்க. அறுபதுல போறீங்கன்னா ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். முன்னாடி இருபதுல ஊர்ற டிராக்டரை நொடிக்கு 11 மீட்டர் வீதம் நெருங்குறீங்க. தூரத்துல சின்னதாத் தெரியுறது சட்டுன்னு பெருசாகும்.

போட்டோ எடுக்கணும்னு காய்ஞ்ச தாளுக்குள்ள பைக்கை இறக்காதீங்க. சூடான சைலன்சர் வைக்கோல்ல பட்டா பத்திக்கும். ஒருத்தரோட ஒரு வருஷ உழைப்பு அது. மெத்துன்னு இருக்குற மண்ணுல சைடு ஸ்டாண்ட் புதையும், அடியில தட்டைக் கல் ஒண்ணு வையுங்க. தூசுக்குள்ள ஓட்டிட்டு வந்தா ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்க. ரேடியேட்டர் இருக்குற வண்டின்னா தகடுகளுக்கு நடுவுல பதர் அடைச்சிருக்கான்னு பாருங்க. செயினுக்கு எண்ணெய் விடுறது வண்டி நின்னதும், சூடு ஆறுறதுக்கு முன்னாடி.

அப்புறம் குளிர். கிளம்பும்போது 10 டிகிரி சும்மா இதமாத்தான் இருக்கும். அறுபது கிலோமீட்டர் வேகத்துல அதே காத்து வெறும் தோலுக்கு 5 டிகிரி மாதிரி உறைக்கும். விரல் மரத்துப் போனா பிரேக் பிடியோட அழுத்தம் தெரியாது. கிளவுஸ் விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம்.

வரப்போரம்

மூன்றாவது கியர் கேட்ட கேள்வியை எல்லோரும் தாண்டிப் போய்விட்டீர்கள்.

கூகை உங்களோடு வரவில்லை, நண்பரே. சாலையோரப் புல்லில் எலி ஓடுகிறது. வயலை அறுத்துவிட்டால் எலிக்கு மறைவு குறைகிறது, ஓரத்துப் புல்தான் மிச்சம். கூகை அந்த ஓரத்தையே பிடித்துக்கொண்டு தாழ்வாக, மெதுவாகப் பறந்து வேட்டையாடும். உங்கள் சாலையும் அதன் வேட்டைப் பாதையும் ஒன்றாக இருந்தன, அவ்வளவுதான்.

இதை ஏன் கறாராகச் சொல்கிறேன் என்றால், நான் பார்த்தது சாலையோரத்தில் விழுந்து கிடந்த கூகையை. காலை வெயில், பனி இன்னும் காயவில்லை. ஒரு இறக்கை மட்டும் மேலே விரிந்திருந்தது. வண்டிகள் போகும்போதெல்லாம் அது காற்றில் எழுந்து எழுந்து விழுந்தது. பைக்கை நிறுத்தி அதைப் புல்லுக்குள் எடுத்து வைத்தேன். கையில் கனமே இல்லை. அவ்வளவு பெரிய முகம், அதற்குக் கீழே உடம்பு என்று ஒன்றுமே இல்லாத மாதிரி. கூகைகள் வண்டியில் அடிபட்டுச் சாவது பல நாடுகளில் பெரிய பிரச்சினை. அடுத்த முறை பக்கத்தில் பறந்தால் இணையாக ஓட்டாதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, அதை முன்னே போக விடுங்கள். சாலைக்குக் குறுக்கே எந்த நொடியும் திரும்பும்.

மூன்றாவது கியர்

எலிக்காகத்தான் வந்தது, சரி, ஏற்றுக்கொள்கிறேன். முன்னே போக விடச் சொன்னதும் நியாயம். ஆனால் திரும்பிப் பார்த்ததே, அது எலியை இல்லையே?

வரப்போரம்

கூகையின் கண் குழிக்குள் உருளாது. பக்கத்தில் இருக்கும் எதைப் பார்க்கவும் முழுத் தலையையும்தான் திருப்ப வேண்டும். உங்களைப் பார்த்தது உண்மை. சத்தம் போடுகிற, வெளிச்சம் வீசுகிற ஒன்று பக்கத்தில் வந்தால் எதுதான் பார்க்காது? அதில் உங்களுக்கு ஒரு சந்தோஷம் இருந்தால் அதை நான் கெடுக்கவில்லை.

மெல்லப் போறவன்

வெயில் பற்றி யாருமே சொல்லல. செப்டம்பர் 22, 23 வாக்குல சூரியன் கிட்டத்தட்ட நேர் மேற்குல இறங்கும். வயல்களுக்கு நடுவுல கிழக்கு மேற்கா நூல் பிடிச்சுப் போட்ட ரோடு எல்லாம் அந்த வாரத்துல நேரா சூரியனுக்குள்ளயே போய் முடியுற மாதிரி இருக்கும்.

அப்படி ஒரு ரோடு. ரெண்டு பக்கமும் காய்ஞ்சு கறுத்த சூரியகாந்தி, இன்னும் அறுக்கல. முத்தின சூரியகாந்தி கிழக்கு பார்த்தே நின்னுடும், சூரியனைத் தொடராது. மேற்கே போற என்னை அத்தனை தலையும் குனிஞ்சு பார்க்குது, எனக்கோ ரோடே தெரியல. வைசர்ல ஒட்டியிருந்த பூச்சி ஒவ்வொண்ணும் ஒரு ஒளிப்புள்ளி. வண்டியை ஒதுக்கி எஞ்சினை அணைச்சேன்.

வயலுக்குள்ள இருந்து ஒரு பெரியவர் வந்தார். "வண்டி ரிப்பேரா தம்பி?" "இல்லைங்க ஐயா, வெயில் இறங்கட்டும்னு." அவர் என்னையும் பார்த்தார், மேற்கையும் பார்த்தார். "நல்லது, என் பையன்கிட்ட இதைத்தான் சொல்லிட்டே இருந்தேன்" அப்படின்னார். இருந்தேன்னுதான் சொன்னார், சொல்றேன்னு இல்ல. அதுக்கு மேல நான் கேட்கல, அவரும் சொல்லல. ஒரு காய்ஞ்ச பூவைத் திருகி விதையை உதிர்த்து உள்ளங்கையில ஊதிக்கிட்டே பக்கத்துல நின்னார். சூரியன் மறைஞ்சதும், "இப்போ போ" அப்படின்னார்.

கேட்டிருக்கணுமோ, கேட்காம விட்டதுதான் சரியோ. இன்னிக்கும் தெளிவு வரல.

செயின் எண்ணெய்

நிறுத்தினது நல்ல முடிவு. ஆனா உங்க பின்னாடி வர்ற கார்க்காரருக்கும் அதே வெயில்தான் கண்ணுல. ரோட்டோரத்துல நின்னா அவருக்கு நீங்க தெரியவே மாட்டீங்க. ரோட்டை விட்டு முழுசா இறங்கணும், பைக்கையும் சேர்த்து. இண்டிகேட்டர், பின் விளக்கு எதையும் நம்ப முடியாது, அந்த வெளிச்சத்துல எரியுதா அணைஞ்சிருக்கான்னே தெரியாது.

மெல்லப் போறவன்

டிராக்டர் வயலுக்குள்ள இறங்குற தடத்துலதான் நின்னேன், ரோட்டுல இருந்து நல்லா உள்ளே. புல் ஒட்ட வெட்டியிருந்த மண் தடம், நீங்க சொன்ன வைக்கோல் பயமும் இல்ல. நான் எழுதினது அந்தப் பெரியவரைப் பத்தி அண்ணே.