28 டிகிரிக்கே ‘பாய்லிங்’ என்பவர்களிடம் என்ன பேசுவது?

வேலூர்க்காரன்:
எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் ஹல் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் கேரராக இருக்கிறேன். எனக்கு இது முதல் கோடை. இந்த வாரம் 28, 29 டிகிரி. காலையில் ஏப்ரனை மாட்டும்போதே கூட வேலை செய்கிறவர் ‘பாய்லிங், இன்ட் இட்?’ என்கிறார். ‘எஸ், வெரி ஹாட்’ என்கிறேன். பேச்சு அத்தோடு முடிந்துவிடுகிறது. அவரே அடுத்த ஆளிடம் போய் இதே வெயிலைப் பற்றி டீ ஆறும்வரை பேசுகிறார்! மே மாதத்தில் 42 பார்த்த ஊர்க்காரன் 28க்கு என்னதான் சொல்வது? இன்னொன்று, 90 வயதுப் பாட்டி ஒருவர் ஜன்னலைக் காட்டி ‘அயாம் மாஃப்டிங், லவ்’ என்றார். போனில் இருக்கும் அகராதியில் அப்படி ஒரு சொல்லே இல்லை.

குரொய்டன் அண்ணை:
தம்பி, உள்ளதைச் சொல்லுங்கோ. ‘எங்கட ஊரில இது மார்கழி’ எண்டு சொன்னால் சிரிப்பினம். நான் எப்பவும் அப்பிடித்தான் சொல்லுறனான்.

நெல்லை நர்ஸ் அக்கா:
அண்ணன் சொல்வது ஒரு தடவைக்குச் சரி. தினமும் சொன்னால், ‘உனக்கென்ன பெரிய கஷ்டம்’ என்று அவர்களைத் தட்டிவிடுகிற மாதிரி ஆகிவிடும். நானும் ஹல்லில்தான் இருக்கிறேன், வார்டு வேலை. இவர்கள் வெயிலைப் பற்றிப் பேசுவது நம் ஊரில் ‘சாப்பிட்டாச்சா?’ என்று கேட்பதைப் போல. யாரும் தகவல் கேட்கவில்லை. முதலில் ஒத்துக்கொள்ளுங்கள், அப்புறம் சின்னதாக ஒன்றைச் சேர்த்து அவர்கள் பக்கமே திருப்பிவிடுங்கள். ‘பாய்லிங், இன்ட் இட்?’ என்றால், ‘ஓ, இட் இஸ். டிட் யூ கெட் எனி ஸ்லீப்?’ அவ்வளவுதான். பிறகு ராத்திரி தூங்காத கதை, ஃபேன் வாங்கப் போய்க் கிடைக்காத கதை, நாய் குளியலறைத் தரையில் படுத்த கதை எல்லாம் தானாக வரும்.

பாய்லிங், பேக்கிங், ரோஸ்டிங் எல்லாம் ஒன்றுதான், அடுப்படிச் சொற்கள், எதை வேண்டுமானாலும் சொல்லலாம். புழுக்கத்துக்கு ‘மகி’, ‘ஸ்டிக்கி’. இலை அசையாமல் மழைக்கு மூட்டம் போட்டு இறுக்குமே, அதற்குப் பெரியவர்கள் ‘இட்ஸ் க்ளோஸ் டுடே’ என்பார்கள். அதற்கு ‘வீ நீட் எ குட் ஸ்டார்ம்’ என்று சொல்லிப் பாருங்கள், பாட்டிமார் முகம் மலரும். ‘எ பிட் வார்ம்’ என்று ஒரு தாத்தா சொன்னால் ஏமாந்துவிடாதீர்கள். அவர் நன்றாகவே வெந்துகொண்டிருக்கிறார் என்று அர்த்தம், உடனே தண்ணீர் கொடுங்கள்.

மாஃப்டிங் நம்ம ஹல், கிழக்கு யார்க்‌ஷயர் பக்கத்துச் சொல். புழுங்கிச் சாகிறேன் என்று பொருள். நீங்களே ஒருநாள் ‘அயாம் மாஃப்டிங்’ என்று சொன்னால் மொத்த லவுஞ்சும் சிரிக்கும், அதற்கப்புறம் நீங்கள் உள்ளூர் ஆள்.

பெரியவர்கள் ‘இட்ஸ் இன் தி எய்ட்டீஸ்’ என்றால் ஃபாரன்ஹீட். 80 என்பது நமக்கு ஏறக்குறைய 27, 90 என்றால் 32. குளிருக்கு செல்சியஸ் போடுகிற பத்திரிகைகள்கூட வெயில் வந்துவிட்டால் ஃபாரன்ஹீட்டுக்குத் தாவிவிடும், எண் பெரிதாகத் தெரியுமே! அப்புறம் 1976. அந்தக் கோடையில் இங்கிலாந்தில் எங்காவது ஓரிடத்தில் 32ஐத் தாண்டிய நாள்கள் தொடர்ந்து 15. வறட்சிக்கென்றே டெனிஸ் ஹவல் என்று ஓர் அமைச்சரைப் போட்டார்கள், போட்ட சில நாளில் மழை கொட்டியது. ‘வாஸ் இட் வர்ஸ் இன் செவன்ட்டி சிக்ஸ்?’ என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடுங்கள். உங்கள் ஷிஃப்ட் முடியும்வரை பேச்சு ஓடும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன் தம்பி. இங்கே 28 வேலூரின் 28 கிடையாது. சூட்டை உள்ளே பிடித்துவைக்கக் கட்டிய கட்டடங்கள், தலைக்கு மேலே ஃபேன் கிடையாது, கீழே கார்பெட். உங்கள் இல்லத்து ஜன்னலைத் திறந்து பாருங்கள், 10 சென்டிமீட்டருக்கு மேல் நகராது. யாரும் விழுந்துவிடக் கூடாதென்று தடுப்பு வைத்திருப்பார்கள். ஜூலையில் சூரியன் மறைய ஒன்பதரை ஆகிறது. வயதானவர்களுக்கு வியர்வையும் குறைவு, தாகமும் சரியாகத் தெரியாது. பாட்டி சும்மா சலித்துக்கொள்ளவில்லை.

கிளாஸ்கோ மாப்பிள்ளை:
இங்கே 20 வந்தாலே ‘டாப்ஸ் அஃப்!’ சட்டையைக் கழற்றிவிட்டுப் பூங்காவில் படுத்துவிடுவார்கள். சாயங்காலம் பார்த்தால் எல்லோரும் இறால் நிறம்.

குரொய்டன் அண்ணை:
நர்ஸ் தங்கச்சி சொல்லுறதும் நியாயம்தான். 2022 ஜூலை லிங்கன்‌ஷயர் கொனிங்ஸ்பியில 40.3 வந்த அண்டைக்கு நானும் மார்கழிக் கதை சொல்லேல்லை. அதுக்கு முதல் நாள் லூட்டன் விமான நிலையத்தில ஓடுபாதையே இளகிப்போச்சு.

வேலூர்க்காரன்:
அக்கா, ‘டிட் யூ கெட் எனி ஸ்லீப்’ வேலை செய்கிறது! கூட வேலை செய்கிறவர் பேச்சு மாமியார் வீட்டு நீச்சல் தொட்டிவரை போய்விட்டது. கடைசியாக ஒன்று: மதியம் சலவை அறையில் நிற்கவே முடியவில்லை. மேனேஜரிடம் ஃபேன் கேட்க வேண்டும். இத்தனை டிகிரிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்று சட்டம் ஏதாவது உண்டா?

நெல்லை நர்ஸ் அக்கா:
மேல் வரம்பு எண்ணாக எதுவும் சட்டத்தில் இல்லை. வேலையிடத்து வெப்பம் நியாயமான அளவில் இருக்க வேண்டும் என்று 1992 விதி சொல்கிறது, அவ்வளவுதான். அதனால் சட்டம் பேசாதீர்கள், இவர்கள் பாணியிலேயே கேளுங்கள்: ‘இட்ஸ் கெட்டிங் எ பிட் மச் இன் தி லாண்ட்ரி. எனி சான்ஸ் ஆஃப் எ ஃபேன்?’ ‘எ பிட் மச்’ என்றாலே தாங்க முடியவில்லை என்று அவருக்குப் புரிந்துவிடும். மதியம் இரண்டு மணிக்கு அவரை அந்த அறைக்குள் கூப்பிட்டு நிறுத்தி வைத்துக்கொண்டு கேளுங்கள்.