கலைச்சொல் வேண்டுகோள்: 'அ கப்பெல்லா' (வெள்ளிக்குள் தேவை)

நெய்தல், திங்கள் இரவு:

குழுவினருக்கு வணக்கம். வெள்ளி இரவுக்குள் ஒரு மொழிபெயர்ப்பைக் கொடுத்தாக வேண்டும். இசையைக் கேட்டு ரசிக்கப் பழக்கும் பாடத்தொடர் அது. ஆறாம் பாடம், அமெரிக்க நாட்டுப்பாடல்களை வாத்தியமே இல்லாமல் குழுவாகப் பாடுவது பற்றியது. 'அ கப்பெல்லா' அதில் நாற்பத்தோரு இடத்தில் வருகிறது, எண்ணிவிட்டேன். 'பக்கவாத்தியம் இல்லாத சேர்ந்திசை' என்று போட்டுப் பார்த்தேன். மூன்றாம் பக்கத்திலேயே மூச்சு வாங்கிவிட்டது. கேட்பவர் செய்யும் வேலைக்கும் ஒரு சொல் வேண்டும். ரசனையா, துய்ப்பா, நயத்தலா?

ஏன் இவ்வளவு கவலை என்றால், போன மாதம் என் மகள் பாடும் குழு இங்கே வர்ஜீனியாவில் 'ஷெனன்டோவா' பாடியது. மிசூரி ஆற்றைத் தாண்டிப் போகிறவன் பாட்டு. ஜேம்ஸ் எர்ப் 1971இல் சேர்ந்திசைக்கு அமைத்த வடிவம். ஊரிலிருந்து வந்திருந்த மாமனாரையும் கூட்டிப் போயிருந்தேன். நடத்துநர் சட்டைப்பையிலிருந்து வட்டமான சின்ன ஊதல் ஒன்றை எடுத்தார், ஒரே ஒரு சுரம் ஊதினார், திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டார். மாமனார் என் பக்கம் சாய்ந்து, "சுருதிப்பெட்டி எங்கம்மா?" என்றார். நடுவில் ஓரிடத்தில் பெண்குரல்கள் மூன்றாகப் பிரிந்து, ஒரே மெட்டை ஒன்றன்பின் ஒன்றாகத் துரத்திக்கொண்டு வரும். அங்கே அவர் தொடையில் போட்டுக்கொண்டிருந்த தாளத்தை நிறுத்திவிட்டார். பாட்டு முடிந்தது. யாரும் கைதட்டவில்லை. நடத்துநரின் கை இறங்கும்வரை எங்கோ ஒரு நாற்காலி கிரீச்சிட்டது மட்டும்தான் சத்தம். அப்புறம் தட்டினார்கள். காரில் வரும்போது மாமனார் கேட்டார்: "முடிஞ்சதும் ஏம்மா எல்லாரும் சும்மா இருந்தாங்க? பிடிக்கலையோ?"

அந்தச் சும்மா இருந்ததற்கும் ஒரு சொல் கிடைத்தால் நல்லது. பாடத்தில் அது இல்லை, ஆகவே அவசரமில்லை.

முதுகுன்றன், செவ்வாய் காலை:

அம்மா, சொல் தேடி அலைய வேண்டாம். சிலம்பின் அரங்கேற்று காதையில் இருக்கிறது: "யாழும் குழலும் சீரும் மிடறும்". யாழ் வேறு, குழல் வேறு, மிடறு (பாடும் தொண்டை) வேறு என்று அடிகள் பிரித்தே வைத்திருக்கிறார். ஆக மிடற்றிசை. குழுவாகப் பாடினால் மிடற்றுச் சேர்ந்திசை. முடிந்தது.

மூலச்சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'அ கப்பெல்லா' என்றால் இத்தாலிய மொழியில் 'சிற்றாலயத்தில் பாடும் முறைப்படி' என்று பொருள். அந்தக் 'கப்பெல்லா' இலத்தீனின் 'கப்பா'விலிருந்து வந்தது. கப்பா என்றால் போர்வை. தூய மார்ட்டினின் போர்வையை வைத்துக் காத்த இடம் கப்பெல்லா ஆயிற்று. போர்வை என்ன செய்யும்? கவியும். கவி, கவிகை, கவிப்பு, கப்பு, கப்பா! மேலைநாட்டார் நம் வேரை எடுத்துப் போய்ப் போர்த்திக்கொண்டார்கள். விரிவாகப் பிறகு எழுதுகிறேன்.

கணிஞன், செவ்வாய் மதியம்:

ஐயா, விரிவாக எழுத வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன் :-)

இன்றைக்கு 'மிடறு' என்றால் 'ஒரு மிடறு தண்ணீர்' மட்டும்தான். மிடற்றிசை என்று படிக்கும் பிள்ளை, தண்ணீர் குடிக்கும்போது வரும் ஓசை என்று நினைக்கும். என் ஓட்டு அப்படியே 'அ கப்பெல்லா'வுக்கு. பியானோவைப் பியானோ என்கிறோம், ஒன்றும் குடிமுழுகவில்லை.

முதுகுன்றன், செவ்வாய் மதியம்:

தம்பி, சேர்த்து எழுதினால் 'அகப்பெல்லா'. அகப்பை நினைவுக்கு வரும். பிரித்து எழுதினால் 'கப்பெல்லா'. கப்பலெல்லாம் நினைவுக்கு வரும்.

நெய்தல், செவ்வாய் இரவு:

கப்பல் நினைவுக்கு வந்தாலும் தப்பில்லை ஐயா! 'ஷெனன்டோவா' பாய்மரக் கப்பல்களில் நங்கூரச் சங்கிலியைச் சுற்றி இழுக்கும்போது மாலுமிகள் பாடிய பாட்டும்கூட. ஆனால் நாற்பத்தோரு இடத்திலும் கப்பல் ஓட்ட முடியாது.

வாவிக்கரை, புதன் அதிகாலை:

ரொறொன்ரோவில் இருந்து வணக்கம். எங்கட மட்டக்களப்புப் பக்கம் கரைவலை இழுக்கும்போது அம்பா பாடுவார்கள். அதிலும் வாத்தியம் இல்லை. தாலாட்டு, ஒப்பாரி, ஏற்றப்பாட்டு, எதில்தான் வாத்தியம்? அதனால்தான் தமிழில் இதற்கென்று தனிச்சொல் பிறக்கவில்லை என்று நினைக்கிறேன். வாத்தியம் வழக்கமாக இருக்கிற இடத்தில்தான் இல்லாததற்குப் பெயர் தேவைப்படும்.

பெயர் வேண்டுமென்றால்: இயம் என்றால் வாத்தியம். பல்லியம், இன்னியம் எல்லாம் நாங்கள் புழங்குகிற சொற்கள். இயம் + இலி = இயமிலி. நாலே எழுத்து.

அரைச்சுருதி, புதன் காலை:

திருச்சியில் முப்பது வருடமாகக் கிறித்தவக் கோயில் பாடகர் குழுவில் டெனர் (உயர்ந்த ஆண்குரல்) பாடுகிறவன் என்ற உரிமையில் நுழைகிறேன்.

'இயமிலி' அழகாக இருக்கிறது. ஆனால் இல்லாததைச் சொல்லிப் பெயர் வைத்தால், அந்தப் பொருள் பழகியதும் பெயர் வீணாகிவிடும். 'கம்பியில்லாத் தந்தி' நினைவிருக்கிறதா? இப்போது கம்பியும் இல்லை, தந்தியும் இல்லை. என்ன இருக்கிறதோ அதைச் சொல்வோம். 'வாய்ப்பாட்டு' என்று யாராவது வருமுன் சொல்லிவிடுகிறேன்: வாய்ப்பாட்டுக் கச்சேரியில் வயலினும் மிருதங்கமும் உட்கார்ந்திருக்கும். 'தனிக்குரல்' என்றால் ஒருவர் பாடுவதாகிவிடும். 'பல்குரல்' எனக்குப் பிடிக்கும், ஆனால் ஷேக்கர்கள் என்ற அமெரிக்கக் கிறித்தவப் பிரிவினரிடம் உதைக்கும். 1848இல் ஜோசப் பிராக்கெட் மெய்ன் மாநிலத்தில் ஆக்கிய 'சிம்பிள் கிஃப்ட்ஸ்' அவர்கள் பாட்டுதான். அந்தக் காலத்து ஷேக்கர்கள் வாத்தியமும் வைத்துக்கொள்ளவில்லை, குரலையும் பிரிக்கவில்லை. எல்லாரும் ஒரே மெட்டு. இன்று மேடையில் நாலு பகுதியாகக் கேட்பது பின்னால் வந்தவர்கள் அமைத்தது.

இன்னொன்று. மூலச்சொல்லே நேர்மையானது இல்லை. வத்திக்கானின் சிஸ்டைன் ஆலயத்தில் வாத்தியமில்லாமல் பாடினார்கள், சரி. அதே காலத்தில் வேறு ஆலயங்களில் குரலோடு சேர்த்து வாத்தியமும் வாசித்தார்கள். 'அ கப்பெல்லா' என்றால் வாத்தியமே கூடாது என்று இறுகியது 19ஆம் நூற்றாண்டில்தான். ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்க்க வேண்டியதில்லை.

கேட்பவரைப் பற்றி. நெய்தல் அக்காவின் மாமனார் சுருதிப்பெட்டியைத் தேடியதில் விஷயம் இருக்கிறது. பியானோவில் ஒரு அரைச்சுரத்தை நூறு பங்காக்கினால், அதன் அந்தர காந்தாரம் இயல்பான காந்தாரத்தைவிடச் சுமார் 14 பங்கு மேலே நிற்கும். பியானோ கூட இருந்தால் குரலும் அதோடு போயாக வேண்டும். பியானோவை எடுத்துவிட்டால் நல்ல குழு தானாகவே கீழே இறங்கி, இயல்பான இடத்தில் பொருந்தும். அப்போது யாருமே பாடாத ஒரு சுரம் மேலே கேட்கும். நல்ல தம்புராவில் காந்தாரம் தானாக எழும்புமே, அதே கணக்கு. கூட்டம் கைதட்டாமல் இருந்தது அது அடங்குவதற்காக இருக்கலாம். கெட்ட குழுவும் கீழே இறங்கும், ஆனால் மொத்தமாக, பாட்டு முடிவதற்குள் அரைச்சுரம். எங்கள் குழுவுக்கு நடந்திருக்கிறது. கடைசிச் சரணம் முடிந்ததும் ஆர்கன் சேர்ந்துகொண்டபோது... வேண்டாம், விடுங்கள்.

என் முன்மொழிவு: வெறுங்குரல். வெறுங்குரல் சேர்ந்திசை.

முதுகுன்றன், புதன் மாலை:

வெறுங்கை, வெறும் வயிறு, வெறும் பேச்சு. இந்த வரிசையிலா ஒரு கலையை உட்கார வைப்பது? மேலும் 'குரல்' என்பது ஏழிசையில் முதல் நரம்பின் பெயர். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம். 'வெறுங்குரல்' என்றால் வெறும் சட்சம் என்றுதான் எனக்குக் கேட்கிறது. மிடறுதான் ஐயத்துக்கு இடமில்லாதது.

அரைச்சுருதி, புதன் மாலை:

வெறுங்காலோடு புல்லில் நடப்பதும் வெறும்தான் ஐயா. அதில் என்ன குறை?

வாவிக்கரை, புதன் இரவு:

இயமிலியை மீட்டுக்கொள்கிறேன். தம்பியின் தந்தி விளக்கம் சரிதான்.

ஆனால் நெய்தல் கேட்ட இரண்டாவது சொல்லில் ஒரு சிக்கல். ஜோர்ஜியாவில் 1844இல் தொகுத்த 'சேக்ரட் ஹார்ப்' நூலை வைத்துப் பாடுகிறவர்களை ஒருதரம் நேரில் பார்த்தேன். நாலு பகுதிக்காரரும் சதுரமாக, உள்நோக்கி உட்காருவார்கள். நடத்துகிறவர் நடுவில். நூலில் சுரங்களை வடிவங்களால் குறித்திருக்கும்: முக்கோணம் ஃபா, வட்டம் சோல், சதுரம் லா, சாய்சதுரம் மி. முதலில் அந்த எழுத்துகளைப் பாடிவிட்டுத்தான் சொற்களுக்குப் போவார்கள். சத்தம் காதைப் பிளக்கும், மென்மை என்ற பேச்சே இல்லை. கேட்பவருக்கு என்று இடமே போடவில்லை. நான் சுவரோரம் நின்றேன். ஒரு அம்மா புத்தகத்தை என் கையில் திணித்து, நாலு பகுதியில் ஒன்றான ஆல்டோ வரிசையில் உட்கார வைத்துவிட்டார். அங்கே 'ரசனை' என்று எதைச் சொல்வது?

நெய்தல், புதன் இரவு:

அண்ணா, பாடத்தில் இதற்கு நேர் எதிரான கதையும் இருக்கிறது. நாஷ்வில்லில் விடுதலை பெற்ற அடிமைகளுக்காகத் தொடங்கிய ஃபிஸ்க் பல்கலைக்கழகம் பணமில்லாமல் தவித்தது. 1871இல் ஒன்பது மாணவர்கள் பாடிப் பணம் திரட்டக் கிளம்பினார்கள். அடிமை நாட்களில் தங்களுக்குள் பாடிக்கொண்ட பக்திப் பாடல்களை வெளியார் முன் பாடவே முதலில் தயங்கியிருக்கிறார்கள். முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பரைக் கேலி செய்யும் கூத்துகளுக்குப் பழகிய கூட்டம் அது. அப்படிப்பட்டவர்கள் உட்கார்ந்து கேட்டார்கள். அந்தப் பணத்தில் எழுந்த கட்டடம் இன்றும் இருக்கிறது. யாருக்காக என்று இல்லாமல் பாடியது, கேட்பவர் வந்ததும் கச்சேரியாகிவிட்டது. இதை 'ரசனை' என்று எழுத எனக்கும் கை வரவில்லை. ஆனால் நாளை மறுநாள் வெள்ளி.

முதுகுன்றன், வியாழன் காலை:

அம்மையார் ஆல்டோவில் உட்கார வைத்தது ஆய்ச்சியர் குரவையேதான்! எழுவர் மகளிர்; மாதரி அவர்களுக்குக் குரல் முதல் தாரம் வரை பெயரிட்டு நிறுத்தினாள். பாடுபவளே சுரம். குரல் என்பதிலிருந்தே குரவை பிறந்தது என்பது என் துணிபு. இதைப் பற்றிப் பதினெட்டுப் பக்கக் கட்டுரை ஒன்று கைவசம் இருக்கிறது, இணைக்கிறேன்.

கேட்பதற்குச் 'செவிச்சுவை'. "செவியிற் சுவையுணரா வாயுணர்வின் மாக்கள்" என்றவர் வள்ளுவர். ரசனை வடசொல்.

கணிஞன், வியாழன் மதியம்:

இணைப்பு திறக்கவில்லை ஐயா. (திறக்கவில்லை என்பதை வருத்தத்துடன் சொல்வதாகவே எடுத்துக்கொள்ளவும்.)

செவிச்சுவைக்கு என் ஆதரவு. ஆச்சரியப்படாதீர்கள், படித்தவுடன் புரிகிறது, அவ்வளவுதான். வெறுங்குரலுக்கும் ஆதரவு. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசனின் பாடகர் குழுவும் வானொலியும் 'சேர்ந்திசை'யைப் பழக்கிவிட்டதால் அதில் கை வைக்க வேண்டாம்.

நெய்தல், வெள்ளி இரவு:

அனுப்பிவிட்டேன். முதல் இடத்தில் 'வெறுங்குரல் சேர்ந்திசை', பக்கத்தில் ஒரு வரி விளக்கம். மற்ற நாற்பதிலும் 'வெறுங்குரல்'. பாடத் தலைப்பில் செவிச்சுவை. உள்ளே ரசனை என்றே விட்டேன், எல்லா இடத்திலும் மாற்ற நேரமில்லை. சேக்ரட் ஹார்ப் பத்தியில் மட்டும் இரண்டும் இல்லை, 'கூடப் பாடுவது' என்று எழுதினேன். ஐயா மன்னிக்க வேண்டும், மிடற்றிசை அடிக்குறிப்பில் இருக்கிறது. அனைவருக்கும் நன்றி.

முதுகுன்றன், சனி காலை:

அடிக்குறிப்புக்கு நன்றி, அம்மா. அடுத்த பதிப்புவரை காத்திருப்பேன். ஆனால் லகரத்தின் முன் வல்லினம் வந்தால் றகரமாகத் திரியும் என்பதை இந்தக் குழுவில் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 'வெறுங்குரற் சேர்ந்திசை' என்றல்லவா இருக்க வேண்டும்?

கணிஞன், சனி காலை:

நல்லவேளை, அது ஒரே இடத்தில்தான் இருக்கிறது ஐயா.